என்னுடைய பீற்றர்

கனடாவில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்தபோது, நாலாம் வகுப்பு ரீச்சர் ஒருநாள் எங்களை அவரவர் குடும்பப் பெயரின் பொருளைக் கேட்டு வரச் சொன்னார். மறுநாள் வகுப்பே கொல்லன் பட்டறையாகிவிட்டது. சிமித் என்றால் கொல்லர். போலந்துக்காரக் கொவால்ஸ்கியும் கொல்லர். போர்த்துக்கீசப் பெண் ஃபெரேராவைக் கேட்டால் அவளுக்கும் இரும்புதானாம். ஐரோப்பாவில் வேறு வேலையே இருக்கவில்லையா என்று எனக்கு ஒரே யோசனை. பீற்றர்சன் மட்டும் தன் பெயருக்குப் ‘பீற்றரின் மகன்’ என்று பொருள் சொன்னான். யார் அந்தப் பீற்றர் என்று கேட்டேன். அவர் செத்து எத்தனையோ காலம், யாருக்குத் தெரியும் என்று உதட்டைப் பிதுக்கினான்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் பெயருக்குப் பின்னால் வரும் சிவபாலன் உயிரோடு இருக்கிறார், அவர் என் அப்பா என்று எழுந்து நின்று சொன்னேன். எங்களுக்குப் பிறகு மூன்று வருடம் ஊரிலேயே இருந்துவிட்டு, அதற்கு முந்தின வாரம்தான் அப்பா கனடா வந்து சேர்ந்திருந்தார்.

அன்று அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அப்பாவே என்னைக் கூட்டிப்போக வந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்த பெண் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் குடும்பப் பெயர் கந்தையா. அது அப்பப்பாவின் பெயர். என்னுடையதோ சிவபாலன். பெயர் பொருந்தவில்லை, பிள்ளையை விட முடியாது என்றுவிட்டார். எனக்குத் தின்ன வாங்கிய டோனற்றோடு அப்பா முழித்துக்கொண்டு நின்றார். அவரைத் திரும்ப ஊருக்கே அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நான் பயந்தேவிட்டேன்.

“முதல் பீற்றர்சன்ட அப்பாவும் பீற்றர்சன் இல்லைத்தானே, வெறும் பீற்றர்தானே” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விம்மி விம்மிச் சொன்னேன். “இவர்தான் என்ர பீற்றர்.”

சத்தம் கேட்டு வந்த ரீச்சர் சிரித்துவிட்டு, அட்டையில் முதற்பெயரைப் பாருங்கள் என்றார். அங்கே சிவபாலன் இருந்தது. என்னை விட்டார்கள்.

வழியில் அப்பா கதை முழுவதையும் கேட்டுச் சிரித்தார்.

“அப்ப உன்ர பிள்ளையளுக்கும் என்ர பேர்தானோ?”

“ஓம் அப்பா. இனி எல்லாருக்கும் அதுதான்.”

“அப்ப என்ர ஐயான்ர பேர், கந்தையா?”

“அது உங்களோட முடிஞ்சிடும்” என்றேன், எல்லாம் சரியாக விளங்கிவிட்ட சந்தோசத்தில்.

அப்பப்பாவை ஊரில் தனியே விட்டுவிட்டு வந்தவர் அப்பா. என் கையை இறுக்கிப் பிடித்தார். ரோட்டைக் கடக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்து, நான் இரண்டு பக்கமும் கார் வருகிறதா என்று பார்த்தேன்.