நாற்பதாம் நாள் கோதுமை

எண்பதுகளின் நடுவில் சூரிச்சில் நான் கிரேக்கம் படித்தேன் என்றால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது நான் ஓர்லிகோனில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியான வேலை இரண்டரைக்கு முடியும், பின்னேர வேலை ஐந்தரைக்குத் தொடங்கும். இடையில் கிடப்பதைச் சுவிஸ்காரர் 'சிம்மர்ஸ்டுண்ட' என்பார்கள். அறைக்குப் போய்ப் படுத்தெழும்புகிற நேரம். எனக்குப் பகலில் படுக்கப் பிடிக்காது. ஊரில் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு. ஒருநாள் பல்கலைக்கழகத்துக்குப் போய், வியாழக்கிழமை மூன்று மணிக்கு என்ன வகுப்பு இருக்கிறது என்று கேட்டேன். பதிவுக் கந்தோரில் இருந்த பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தொடக்கநிலையில் நவீன கிரேக்கம் ஒன்றுதான் என்றாள். சரி, அதில் என் பெயரை எழுது என்றேன்.

அறையில் என்னோடு இருந்த ஊர்க்கார அண்ணை ஒருவர் தலையில் கைவைத்தார். "டொச்சே இன்னும் ஒழுங்கா வரேல்லை. அதுக்குள்ள கிரேக்கமோ?"

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் டொச் என்கிற ஜேர்மன் மொழியும் எனக்கு அந்த வகுப்பில்தான் வந்தது.

ஐந்து சுவிஸ் பிள்ளைகளும் நானும். படிப்பித்தவர் கிரேக்கப் பெண், என்னைவிட நாலைந்து வயது இளையவர், சரியான கண்டிப்பு. ரெஸ்டோரண்டில் வெங்காயமும் உரிப்பதால் என் கையில் அந்த மணம் எவ்வளவு கழுவினாலும் போகாது; யன்னலோரம் தனியாக இருப்பேன். இரண்டாம் கிழமையே என்னைக் கூப்பிட்டு நடுவில் இருத்தினார். கிரேக்க வகுப்பில் வெங்காயம் மணக்காவிட்டால்தான் பிழை என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் இன்றுவரை கும்பிடுகிறேன்.

ஒருநாள் வீட்டில் யாராவது ஒருவரைப் பற்றி எழுதி வந்து வாசிக்கச் சொன்னார். நான் அம்மாவைப் பற்றி எழுதினேன். கோழி களவெடுக்க வந்தவனைப் பிடித்து இருத்தி, முதலில் வயிறு நிறையச் சோறு போட்டு, பிறகு ஒரு மணித்தியாலம் ஏசி அனுப்பிய கதை. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வியாழன் காலை அக்காவின் கடிதம் வந்தது. அம்மா போய் அன்றைக்கு முப்பத்துமூன்று நாள். நான் வாசித்து எல்லாரையும் சிரிக்கவைத்தபோது அம்மா உயிரோடு இல்லை. அதை நினைக்க நினைக்க நெஞ்சை அறுத்தது.

எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். அது நான். எனக்குப் பதிலாக அக்காவின் மகன் வைத்தானாம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கும் இரண்டு நாளுக்கு முன் முடிந்திருக்கும். அகதி விண்ணப்பம் முடிவாகாத காலம். தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. ஆனால் இங்கேயாவது ஒரு விளக்கு வைத்திருப்பேனே.

அண்ணை ஆறுதலாகத்தான் சொன்னார். "முப்பத்தொண்டு கழிச்சுக் கேள்விப்பட்டா தோஞ்சாப் போதும், தம்பி."

ஷவரில் நின்று தோய்ந்தேன். ஐந்து நிமிடம். பெற்ற தாய்க்கு நான் செய்தது அவ்வளவுதான் என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

அன்றும் வேலைக்குப் போனேன், வகுப்புக்கும் போனேன். முகத்தைப் பார்த்த ஆசிரியை என்ன என்று கேட்டார். கடிதத்தையும், எல்லா நாளும் முடிந்துவிட்டதையும் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு, தங்கள் ஊரில் நாற்பதாம் நாள்தான் பெரிய நாள் என்றார். "அது அடுத்த வியாழன். இன்னும் ஒன்றும் முடியவில்லை."

அந்த வியாழன் ஒரு தட்டம் நிறைய அவித்த கோதுமை கொண்டுவந்தார். மேலே சீனி, மாதுளை முத்து, வாதுமை. நடுவில் மெழுகுதிரி. ஞானஸ்நானம் பெறாதவருக்குத் தங்கள் பாதிரியார் செபிக்கமாட்டார், ஆகவே நாங்களே செய்வோம் என்றார். ஒவ்வொருவரும் இறந்தவரின் பெயரைச் சொல்லி, கடவுள் இவரை மன்னிக்கட்டும் என்று ஒரு கரண்டி சாப்பிட வேண்டுமாம்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மன்னிக்கிறதுக்கு என் அம்மா என்ன பிழை செய்தவர் என்று சத்தமாகவே கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "ஒன்றும் செய்யவில்லை. எல்லாருக்கும் இப்படித்தான் கேட்போம். அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள்."

அங்கேதான் என் வாய் கட்டிப்போயிற்று. எங்கள் வீட்டில் பிள்ளைகள் தாயின் பெயரைச் சொல்வதில்லை. அகதி விசாரணையில் கேட்டபோதுகூடக் கடதாசியில் எழுதித்தான் கொடுத்தேன். முப்பத்திரண்டு வயதுவரை அந்தப் பெயர் என் நாக்கில் வந்ததே இல்லை. ஆறு பேரும் கரண்டியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

சொன்னேன். அவர்கள் ஒவ்வொருவராக, நாக்கு இடறி இடறி, என் அம்மாவின் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள். பிழையாகச் சொன்ன ஒரு பிள்ளை, தானே திருத்தி இன்னொரு தரம் சொன்னாள். கடைசியாகத் தட்டம் என்னிடம் வந்தது. பெயரை மறுபடி சொல்லி ஒரு கரண்டியை வாயில் வைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. வகுப்பு முடிகிற நேரம் கடந்தும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை.