முழு மிட்டாய்

வெள்ளிமலைப் பக்கம் நான் வேதியியல் ஆசிரியராக இருந்த பள்ளியில், ஆய்வக உதவியாளர் எரியும் பொருள் எதையும் கடுகளவு நறுக்கித்தான் தருவார். அவருக்குத் தொந்தி பெரிது, அளவு சிறிது என்று கேலி செய்வேன்.

ஆண்டு விழாவில், சோதனைக் குழாயில் உருக்கிய பொட்டாசியம் குளோரேட்டில் ஜெல்லி மிட்டாய் சீறி எரிவதைக் காட்ட நின்றேன். அவர் மிட்டாயில் கடுகளவு நறுக்கி நீட்டினார்.

"இன்னாய்யா, எறும்புக்கா நறுக்கின?"

"சக்கரை ஜாஸ்தியானா குழாய் வெடிச்சிரும் சார்."

நான் முழு மிட்டாயைப் போட்டேன். குழாய் வெடித்து என் வேட்டி பற்றியது. அதுவும் செய்முறையில் சேர்த்தி என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். உதவியாளர்தான் வெறுங்கையால் தீயை அணைத்தார்.

விசாரணையில், அளவு தவறியவர் அவரே என்று பொய் எழுதிக்கொடுத்தேன். அவருடையது தற்காலிக வேலை; உடனே போயிற்று.

விடைபெற வந்தவர், "காலு ஆறிப்போச்சுங்களா சார்?" என்றார். ஆறிவிட்டது என்றேன். கட்டுப் போட்டிருந்த அவர் கையைப் பற்றி நான் கேட்கவில்லை.