வெயில் வரைந்த புங்கமரம்

தூரத்தில் சத்தம் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் வானத்தைத்தான் பார்ப்போம். புகை எழும்புகிறதா, எந்தத் திசையில் என்று பார்த்த பிறகுதான் வாய் பேசும். கல் உடைக்கிற இடத்தில் வெடி வைத்திருப்பார்கள், லாரி டயர் வெடித்திருக்கும், யார் வீட்டிலோ விசேஷமாக இருக்கும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்குள் நான் செருப்பை மாட்டியிருப்பேன்.

என் மனைவி சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிறாள். நான் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் இருக்கிறேன். காலையில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இடைப்பட்ட பொழுதெல்லாம் என் காது அந்தத் திசையிலேயே இருக்கும்.

போன மாசியில் ஒருநாள் அப்படித்தான் ஒரு சத்தம். பெரிய ரோட்டுக்கு ஓடிப்போய், வேன் வருகிற வரைக்கும் புளியமரத்தடியில் நின்றேன். அது கல் உடைக்கிற சத்தம்தான். வேன் வந்தது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கியவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க சத்தம் கேட்டாலும் என்னையக் கொன்னு போட்டுருதீக," என்றாள்.

"வேலைய விட்டுரு புள்ள. பிரஸ்ஸுல காலண்டருக்குத் தலையில தகடு அடிக்க ஆள் கேக்காக."

"வர மாட்டேன். நீங்க எங்க கம்பெனிய நெனச்சா ஒங்களுக்குப் புகைதான் தெரியுது. அங்கன மரம் நிக்கி. அடியில ஒக்காந்து சோறு திங்கோம், ஊர்க்கதை பேசுதோம். ஒரு நாளாச்சும் அத நெனச்சுப் பாத்திருக்கீகளா?"

நினைத்துப் பார்த்ததில்லை. எப்படி நினைப்பது? கேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டு ஆட்கள் போக முடியாது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சேலையில் குத்திய ஊக்கைக்கூடக் கழற்றச் சொல்வார்கள். அவள் பகலெல்லாம் இருக்கிற இடத்தை ஒரு போட்டோவில்கூட நான் பார்த்தது கிடையாது. தெரியாத இடத்தில் என் மனசு தன் இஷ்டத்துக்குத் தீயை வைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு முடிவு பண்ணினேன். பங்குனியில் எங்கள் கல்யாண நாள். அதற்குள் அந்த மரத்தைப் படமாகச் செய்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவள் பார்த்து, 'இதுதான்' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்கப்புறம் புகைக்குப் பதிலாக அந்த மரம் எனக்குத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

காகிதம் வேண்டாம் என்று தோன்றியது. வருஷம் முழுக்க சாமிப் படமும் அருவியுமாக அச்சடிக்கிறேன். டிசம்பர் முடிந்தால் கிழித்து விரித்து அதில் மாவு சலிக்கிறார்கள். மெஷின் பாகம் வந்த பெட்டியின் பலகை ஒன்று பிரஸ்ஸில் கிடந்தது. ஏதோ வெளிநாட்டு மரம், உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுப்பு. கேட்டு வாங்கிவந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

சூட்டுக்கோலால் மரத்தில் படம் போடுவதைச் செல்போனில் பார்த்திருக்கிறேன். ஆனால் கரண்டையும் சூட்டையும் சேர்த்துக் கையில் பிடிக்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அப்போதுதான் லென்ஸ் ஞாபகம் வந்தது. பழைய நாளில் நெகட்டிவ் பார்க்க வைத்திருந்த பெரிய லென்ஸ் ஒன்று ஒருநாள் பிரஸ் ஜன்னலோரம் கிடந்து, அடியிலிருந்த தாளின் ஓரத்தைக் கருக்கிவிட்டது. எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருவார்களோ, நான் ஆறாவதோடு நின்றுவிட்டவன். வெயிலுக்குள் தீ இருக்கிறது என்று எனக்குச் சொன்னது அந்தத் தாள்தான்.

தை பிறந்துவிட்டால் பிரஸ்ஸில் வேலை குறைவு, மாசி பங்குனியில் பாதி நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். லென்ஸையும் கேட்டு வாங்கிவந்து, மூன்று துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் அடியோடு புதைத்து வைத்திருந்தேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து அதைக் கண்டுபிடித்து வீட்டைக் கொளுத்திவிட்டால்? பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், ஒரு வாளி மணல், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. இத்தனையோடு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தேன்.

லென்ஸைத் தூக்கிப் பிடித்ததும் பலகையில் ஒரு வட்டம் விழுந்தது. மெல்ல இறக்க இறக்க வட்டம் சுருங்கிக் கடுகாகி, பார்க்க முடியாத வெளிச்சமாக நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அதிலிருந்து மயிரிழை போல் புகை எழுந்தது. பயந்து லென்ஸை எடுத்துவிட்டேன். பலகையில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது.

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பிறந்ததிலிருந்து திட்டித் தீர்க்கிற வெயில். கிணற்றை வற்றவைத்த வெயில், பருத்தியைக் கருக்கிய வெயில். அது எங்கிருந்தோ கிளம்பி இத்தனை தூரம் வந்து, நான் காட்டிய இடத்தில், நான் கேட்ட அளவுக்குத் தொட்டுவிட்டு நிற்கிறது. எனக்குக் கும்பிட வேண்டும் போலிருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் கும்பிடவில்லை.

அவளிடம் தினம் ஒரு கேள்வி கேட்பேன். மரம் என்ன மரம்? புங்கமரம். எத்தனை கிளை? தோள் உயரத்தில் இரண்டாகப் பிரியும். மேற்குக் கிளை கூரையில் சாய்கிறதென்று வெட்டிவிட்டார்கள். அடியில்?

"அடியில தீயணைக்க மணல் வாளி தொங்கும். என்ன, மரத்துக்குப் பொண்ணு பாக்கீகளா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குத மூஞ்சியப் பாரு."

இலைகளைப் புள்ளியாகவே வைத்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தால் காலண்டரில் இருக்கிற சாமி முகமும் புள்ளிகள்தான். பிரஸ்காரனுக்கு இது பழக்கம். ஒருநாள் பருந்து ஒன்று மேலே போக, அதன் நிழல் பலகையைக் கடந்தது. அந்தக் கண நேரம் புகை அறுந்து, மறுபடி எழுந்தது. அத்தனை உயரத்தில் பறக்கிற ஒன்று நான் வைக்கிற புள்ளியை நிறுத்திவிட்டுப் போகிறது! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

சொல்ல ஆள் தானாகவே வந்தது. கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்கார அத்தை மூச்சு வாங்கப் படியேறி வந்தாள், கையில் விளக்கமாறு.

"ஏலே, மாடியில என்னலே புகை? வீட்டுல வச்சு வெடி கட்டுதியோ? போலீசு வந்தா என்னையுமில்ல தூக்கிட்டுப் போவான்!"

"வெடி இல்லத்தை. படம் போடுதேன்."

"தீப்பெட்டி எங்கன?"

நான் மேலே கையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்தவள் கண் கூசி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து புள்ளி விழுவதைப் பார்த்தாள். விளக்கமாறு மடியில் கிடந்தது.

"இத்தன வருசமா இந்த வெயிலுல நான் வத்தல் மட்டுந்தாம்லே காயப்போட்டேன்," என்றாள்.

கல்யாண நாளன்று வேன் வந்து, அவள் குளித்து, கம்பெனிச் சேலையைத் தனியாக நனைத்து வைத்த பிறகு பலகையைக் கொடுத்தேன். ஈரக் கையை இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெட்டுப்பட்ட கிளையின் மேல் அவள் விரல் போய் நின்றது.

"இதேதான்," என்றாள். "உள்ள வராமலே எப்படிப் பாத்தீக?"

"நீதான காட்டுன."

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மணல் வாளியைத் தொட்டாள். அதற்குக் கீழே விரல் தேடிக்கொண்டே போனது.

"நான் எங்கன?"

மரத்தடி வெறுமையாகத்தான் இருந்தது. அவளை அங்கே உட்காரவைக்கப் பல தடவை லென்ஸை எடுத்தேன், எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன்.

"ஒம் மேல நான் எப்படிப் புள்ள தீ வைப்பேன்?"

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பலகையை மடியில் வைத்து, அந்த வெறும் இடத்தை விரலால் அளந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், "லென்ஸ எடுங்க," என்றாள்.

அரிசிப் பானைக்குள்ளிருந்து நான் அதை எடுத்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். மாடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்குக் கேட்கத் தோன்றாத கேள்விகளைக் கேட்டாள். எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும், காற்றடித்தால் என்ன ஆகும், எப்போது கையை எடுக்க வேண்டும். பிறகு மரத்தடியில் வெளிச்சத்தை இறக்கினாள். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கை அசையவே இல்லை. நாள் முழுக்க மருந்தோடு இருக்கிற கை. அந்தக் கையைத்தான் நான் இத்தனை நாள் நம்பாமல் இருந்தேன்.

முதலில் தலை. பிறகு குனிந்த முதுகு, மடித்த கால், முன்னால் தூக்குச்சட்டி. அவள் மேலிருந்து புகை எழுந்தது. நான் கண்ணை எடுக்கவில்லை. நூல் மாதிரி மேலே போய், எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் கலைந்தது.

முடித்தவள் பக்கத்திலேயே இன்னொரு புள்ளியைத் தொடங்கினாள்.

"இது யாரு?"

"நீங்கதான். எம்புட்டு நாளைக்குத்தான் ரோட்டுல நிப்பீக? உள்ள வந்து ஒக்காருங்க."

பலகையில் என் தலை மட்டும் பழுப்பாக விழுந்திருந்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு மேகம் வந்து வெளிச்சத்தை எடுத்துக்கொண்டது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"அசையாதீக," என்றாள், லென்ஸை இறக்காமலே. "வெயில் வரட்டும்."