இலை டீச்சர் திருத்திய விடைத்தாள்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு மரத் தடுப்புதான். அந்தப் பக்கம் அறிவியல் நடக்கும்போது இந்தப் பக்கம் நான் கணக்கு நடத்துவேன். அதனால் இலை டீச்சரைப் பற்றி நான் சொல்வதில் பாதி என் காதில் விழுந்தது, மீதி அவரே என்னிடம் சொன்னது.

அவர் படித்தது வரலாறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அறிவியல் வாத்தியார் வேறு வேலை கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். தலைமையாசிரியர் இவரைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் சமாளிங்கம்மா, ஆள் வந்துடும்" என்றார். ஆள் வரவேயில்லை. அந்த ஒரு மாசம் பதினேழு வருஷமாக நீண்டது.

போனவர் மேஜை இழுப்பறையில் ஒரு நீளமான நோட்டை விட்டுப் போயிருந்தார். பாடம் வாரியாகக் கேள்வி, கீழே பதில். இலை டீச்சர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். முதல் வருஷம் பேருந்தில் வரும்போதும் போகும்போதும் அதை மடியில் வைத்து மனப்பாடம் செய்வார். அறிவியல் என்றாலே அவருக்கு உள்ளூரப் பயம். யாராவது ஏதாவது கேட்டு மானத்தை வாங்கிவிடுவார்களோ என்று வகுப்புக்குள் போகுமுன் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பார்.

ஆனால் கை நல்ல கை. கரும்பலகை முழுக்க ஓர் இலையைக் குறுக்காக வெட்டினால் எப்படியிருக்குமோ அப்படி வரைவார். மேல்தோல், அதன் கீழே நெருக்கமாக நிற்கும் பச்சைச் செல்கள், அடியில் வாய் திறந்த இலைத்துளைகள். மூன்று நிறச் சாக்பீஸ். வெயிலுக்கு மஞ்சள். "இலைதான் செடிக்குச் சமையலறை. வெயில்தான் அடுப்பு. காத்துலேர்ந்து கரியமில வாயு, வேர்லேர்ந்து தண்ணி. சமைச்சா சர்க்கரை. மிச்சமா வெளிய வர்றது ஆக்சிஜன்" என்று சொல்லிக்கொண்டே அம்புக்குறி போடுவார். மணியடித்து வெளியே வரும்போது முழங்கை வரை பச்சைத் தூளாக இருக்கும். அந்தப் பெயரும் அப்படித்தான் வந்தது. அவர் முகத்துக்கு நேரேயே பிள்ளைகள் சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பாடத்தின் கடைசியில் ஒரு வரியை எல்லாரையும் சேர்ந்து சொல்ல வைப்பார். "பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்." நாற்பது குரல் தடுப்பைத் தாண்டி வந்து என் வகுப்பில் மோதும். அது அந்த நோட்டில் இருந்த வரி. எனக்கும் அது தவறென்று தெரியாது. நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

ஒரு வருஷம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவரின் மகள், மூன்றாவது பெஞ்சு. அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஏதாவது உறுத்தினால் அதைக் கேட்காமல் விடமாட்டாள். என்னிடமும் பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாதென்று கேட்டு ஒரு பீரியடைக் காலி செய்திருக்கிறாள். அன்றைக்கு எல்லாரும் அந்த வரியைச் சொல்லி முடித்ததும் இவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"டீச்சர், பகல்ல செடி மூச்சு விடாதா?"

"பகல்ல அதுக்குச் சமையல் வேலை. ராத்திரிதான் மூச்சு."

"அப்ப பகல் பூரா மூச்சைப் பிடிச்சுக்கிட்டா இருக்கும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு டீச்சரைப் பார்த்துத்தான். அவர் இத்தனை வருஷமாகப் பயந்த விஷயம் நடந்துவிட்டது. அடுத்து வந்த குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு கூர்மை இருந்தது.

"வாங்க, மூச்சுப் பண்டிதை இங்க வந்து பாடம் நடத்தட்டும். நாம எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுக் கேப்போம்."

அவளை வரவழைத்து, கையில் சாக்பீஸைக் கொடுத்து, இலைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார். மணியடிக்கும் வரை நின்றாள். இந்த முறை சிரிப்பு இடம் மாறியிருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் மேஜையைத் தட்டி அடக்கினேன். அடக்கும்போது எனக்கும் உதடு லேசாக விரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது.

அன்று மாலைக்குள் அவள் பெயர் மூச்சு என்று ஆனது. "மூச்சு, பென்சில் குடு." "மூச்சு வரல, லீவு." இப்படி.

அரசுத் தேர்வுக்கு முன் எங்கள் பள்ளியே வைத்துத் திருத்தும் கடைசிப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. தாவரங்கள் எப்போது சுவாசிக்கின்றன? இரண்டு மதிப்பெண். அவள் ஒரே வார்த்தை எழுதியிருந்தாள். எப்போதும். இலை டீச்சர் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் 'வகுப்பில் சொன்னதைக் கேள்' என்று எழுதினார். மேல் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டுமென்றால் அந்தப் பரீட்சையில் அறிவியலில் எழுபது எடுக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. அவள் எடுத்தது அறுபத்தொன்பது.

அவள் அப்பா வந்தார். நகக்கண்ணில் நீலப் பெயின்ட். சண்டை போட வந்தவர் போலவே இல்லை. ஆசிரியர் அறை வாசலிலேயே நின்றார். நான் உள்ளே விடைத்தாள் கட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அவ அழுதுக்கிட்டே இருக்கா. எழுதினது சரிதான்னு சொல்றா. எனக்கு இதெல்லாம் புரியாது. ஒரே ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க."

"பாத்துட்டேங்க. தப்பை எப்படிச் சரின்னு போட முடியும்? மத்த பிள்ளைங்க என்ன நினைக்கும்?"

அவர் நகரவில்லை. டீச்சர் இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துக் காட்டினார். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நோட்டுலயே இருக்கே" என்றார். பிறகு, "தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண் கணக்குப்பதிவியல் பிரிவில் சேர்ந்தாள். அடுத்த வருஷப் பாதியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கோடு விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை நின்றுபோனால் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்துவிடும். நாங்களும் மறந்துபோனோம்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அறிவியல் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்தியவர் வயதில் சின்னவர், கலகலப்பானவர். காலை பதினொரு மணிக்கு, ஜன்னல் வழியே வெயில் மேஜையில் விழ, முளைகட்டிய பயறு போட்ட ஒரு குடுவையை வைத்தார். அதிலிருந்து ஒரு குழாய் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் போனது. "செடி ராத்திரி மட்டும்தான் சுவாசிக்குதுன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். பாதிப் பேர் தூக்கினார்கள். இலை டீச்சருக்குக் கை எழவில்லை. ஏனென்று அவருக்கே தெரியவில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரியமில வாயு கலந்து சுண்ணாம்பு நீர் பால் மாதிரி வெளுத்தது.

"முளை மூச்சு விடுது, பட்டப்பகல்ல" என்றார் பயிற்சியாளர். "இலையும் அப்படித்தான். பகல்ல விடற கரியமில வாயுவை அதுவே சமையலுக்கு எடுத்துக்குது, அதனால நமக்குத் தெரியல. சமைக்கறது ஒரு வேலை, சாப்பிட்டுத் தெம்பு எடுக்கறது வேற வேலை. சர்க்கரையை உடைச்சு தெம்பு எடுக்கறதை ஒரு செல் நிறுத்திட்டா அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். பகல்ல நிறுத்தி வைக்கவெல்லாம் முடியாது."

கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தேநீர் வந்தது. இலை டீச்சர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். எப்போதும் என்ற அந்த ஒற்றை வார்த்தை, அதன் சாய்ந்த கையெழுத்தோடு, அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தை எடுத்தார். பதினேழு வருஷமும் வகுப்புக்குக் கையில் கொண்டுபோன புத்தகம். இலைப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. சுவாசித்தல் இரவு, பகல் இரண்டிலும் நடைபெறும். அவர் படத்தை மட்டும் பார்த்து வரைந்திருக்கிறார். பதிலுக்கு நோட்டு இருந்ததால் கீழே கண் போகவே இல்லை.

அவர் கணவர் பேருந்து டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையில் இருந்தார். நல்ல மனிதர், எதையும் பெரிதுபடுத்த மாட்டார். "ரெண்டு மார்க்தானே. அந்தப் பொண்ணு இந்நேரம் பிள்ளை குட்டியோட நல்லாத்தான் இருக்கும். நீ போய் எதையாவது கிளறாத" என்றார்.

பள்ளிக்குத் திரும்பிய அன்று மதிய இடைவேளையில் டீச்சர் என்னிடம் சொன்னார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "வேணும்னேவா செஞ்சீங்க, அக்கா? தெரியாமத்தானே" என்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சே" என்றார்.

தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. லாரிப் பட்டறையில் விசாரித்தார். பெயின்ட் அடிப்பவர் இறந்து நாலு வருஷம் என்றார்கள். மகள் கடைத்தெருவில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதாகவும் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை போனார்.

அது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன இடம். முன்னால் கண்ணாடி வைத்த கவுன்டர், ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், எல்லாவற்றிலும் வெறும் வயிற்றோடு வந்த ஆட்கள். உள்ளே வெள்ளைக் கோட்டுப் போட்ட இருவர் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு கவுன்டரில் இருந்தாள். பெயர், வயது கேட்டு எழுதுவது, சின்னக் குப்பியில் சீட்டு ஒட்டுவது, உள்ளே தள்ளுவது. முடியில் முன்பக்கம் இரண்டு நரை. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர். சுகர் பாக்கணுமா?"

டீச்சர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பேச்சை அங்கே நின்றபடியே சொன்னார். பின்னால் வரிசை இருந்தது. பயிற்சி, சுண்ணாம்பு நீர், புத்தகத்தில் இருந்த வரி, அவ்வளவையும் சொல்லி, "நீ எழுதினதுதான் சரி. நான்தான் தப்பு" என்றார்.

அவள் ஒரு குப்பியில் சீட்டை ஒட்டி, விரலால் நீவினாள்.

"தெரியும் டீச்சர். இங்க சேர்ந்தப்புறம் உள்ள இருக்கற அண்ணனோட புத்தகத்துல பாத்தேன்."

"அப்பவே வந்து என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டு?" என்றாள். குரலில் கோபம் இல்லை. அடுத்தவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டே பேசினாள். "மார்க் போனதுகூடப் பரவாயில்ல டீச்சர். அன்னிக்கு அப்பா ஸ்கூல்லேர்ந்து வந்து, 'நோட்டுலயே இருக்கும்மா, நீதான் தப்பு'ன்னாரு. அவரு என்னைத் திட்டவே இல்ல. எனக்கே அப்படித்தான் போலன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எதைப் பாத்தாலும், நமக்கென்ன தெரியும்னு விட்டுருவேன். உள்ள வேலை கத்துக்கறியான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. வேணாம்னுட்டேன்."

"இப்பக் கத்துக்கலாமே."

"இப்ப எதுக்கு டீச்சர்." பிறகு பின்னால் நின்றவரிடம், "நீங்க வாங்க சார், பேர் சொல்லுங்க" என்றாள்.

டீச்சர் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். அவள் நிமிரவில்லை. வந்துவிட்டார்.

திங்கட்கிழமை தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இத்தனை வருஷமா நான் ஒரு தப்பான வரியைச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு பொண்ணு சரியாச் சொன்னா. நான் அவளை இங்க நிக்க வெச்சேன்" என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். எந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை. அதைக் கேட்டுப் பிள்ளைகள் நல்லபடியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே ஐந்தாறு பெற்றோர் தலைமையாசிரியர் அறைக்கு வந்தார்கள். வேறு எதையெல்லாம் தப்பாக நடத்தினார் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அப்போதிருந்த தலைமையாசிரியர் அவரிடம், "மனசுக்குள்ள வெச்சுக்க வேண்டியதை ஏம்மா பசங்ககிட்டப் போய்ச் சொன்னீங்க? விஷயம் அதோட போயிருக்குமே" என்றார். பழைய மதிப்பெண் பதிவேட்டில் திருத்தம் போட முடியுமா என்று டீச்சர் எழுத்தில் கேட்டிருந்தார். தலைமையாசிரியர் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரே வாரத்தில் அறிவியலுக்குப் புது ஆள் வந்தார். அத்தனை வருஷம் கிடைக்காத ஆள்.

இலை டீச்சரை நூலக அறைக்கு மாற்றினார்கள். அங்கே கரும்பலகை கிடையாது. மூன்று பீரோ, ஒரு மேஜை. புத்தகம் கேட்டு வருபவர்கள் குறைவு. நான் மதியம் போய் அவரோடு சாப்பிடுவேன். சில நாள் டப்பாவைத் திறக்காமலே மூடிவிடுவார். "பசிக்கல" என்பார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். சர்க்கரை என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது.

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியே ஒரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது. அவர் அங்கே போகமாட்டார். மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு பேருந்து மாறிக் கடைத்தெருவுக்குப் போவார். கண் மங்கிய பிறகு நான்தான் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மூச்சு எங்களைப் பார்த்தால் ஒரு நாற்காலியைக் காலி செய்து தருவாள். அதற்கு மேல் பேச்சில்லை. போன மாதமும் போனோம். பேனாவை எடுத்து, அவர் பெயரை எழுதினாள். வயது கேட்டாள். அவர் சொன்னார்.

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"சரி, உக்காருங்க. கூப்பிடுவாங்க."