ஜனவரித் தாளில் ஒரு வீடு

கண்டக்டரின் முகத்தைப் பார்க்குமுன் டிக்கெட்டைப் படித்துவிடுகிறாள் பாண்டிமீனா. விருதுநகரிலிருந்து சிவகாசி பஸ் கிளம்பி முதல் நிறுத்தம் வருவதற்குள், முன் சீட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் சிவப்புப் பேனாவால் திருத்தம் போட்டாகிவிடும்.

“ஊரத் திருத்தப் போறீகளாக்கும்?” என்பார் கண்டக்டர்.

“ஊரு கெடக்கு. ‘இறத்த தானம்’னு போட்டிருக்கான். குடுத்தவன் செத்துல்ல போவான்?”

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் இருபத்தேழு வருடமாகப் புரூப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் புரூப் பார்க்கிறாள். பருத்தி வியாபாரம் செழித்த நாளில் கட்டிய வீடு அது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பேரழகு என்று சொல்லிவிட முடியாது. நான்கு தேக்குத் தூண்களில் ஒன்று குட்டை, அடியில் கல் வைத்து உயரம் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சுவர் சித்திரை வெயிலிலும் தொட்டால் குளிரும். அதில் புது ஆணி அடிக்க யாருக்கும் அனுமதியில்லை. விருந்தாளிகளுக்கும் சலுகை கிடையாது: “சொவத்துல சாயாதீக, எண்ணெத் தல.” மழையில் பூச்சு உதிர்ந்தால் கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பைக் குழைத்துத் தானே பூசுவாள். “சிமெண்டு பூசுனா சொவத்துக்கு மூச்சு முட்டும்.”

வீடு அண்ணன் சுந்தரபாண்டியின் பேரில் இருக்கிறது. அவள் குடியிருக்கிறாள், அவ்வளவுதான். போன ஆவணியில் அவர் அதைச் சாத்தூர்க்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார். தை பிறந்ததும் பத்திரம், அடுத்த வாரமே இடிப்பு, பிறகு பைக் ஷோரூம்.

அதே சீசனில் ஒரு சிமெண்டுக் கடை, பழைய வீடுகளின் படம் போட்டுக் காலண்டர் ஆர்டர் கொடுத்தது. ஜனவரித் தாளில் பாண்டிமீனாவின் வீடு. அதன் கீழே கடைக்காரர் எழுதித் தந்த வரி: ‘பாதுகாக்கப்பட வேண்டிய புராதன கட்டடம்.’

பக்கம் அமைக்கும் கதிரவன் புரூபை நீட்டினான். “வரி ரெண்டாவது லைனுக்கு ஓடுதுக்கா. ஒரு வார்த்தையக் கொறைக்கலாமா?”

‘வேண்டிய’வை அடித்தாள். ‘பட’வுக்கு நடுவில் ஒரு ‘ட்’டைச் செருகினாள். பாதுகாக்கப்பட்ட. இலக்கணத்தில் குற்றமில்லை. பாதுகாத்தது யார் என்று சொல்லும் கடமை செயப்பாட்டு வினைக்கு இல்லை. சொல்லியிருந்தாலும் அது பொய்யாகியிருக்காது. மறுபடி படிக்காமலே புரூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மார்கழிக் கடைசியில் சாத்தூர்க்காரர் அதே கடைக்குச் சிமெண்டு லோடு சொல்லப் போனார். சுருட்டிக் கொடுத்த காலண்டரை வீட்டில் விரித்துப் பார்த்தார். உடனே சுந்தரபாண்டிக்குப் போன்: “சர்க்கார் பாதுகாத்த வீட்ட எந்தலையில கட்டப் பாக்கீகளா, அண்ணாச்சி?” அத்தோடு பேச்சு முறிந்தது.

மறுநாள் காலை சுந்தரபாண்டி காலண்டரோடு தங்கையின் முன் நின்றார்.

“ஏ மீனா, ஊரு பூரா தப்புக் கண்டுபிடிக்கவ நீ. இது ஒங்கண்ணுல படலயாக்கும்?”

“சீசன்ல எம்புட்டு புரூப் பாக்கோம்ணே. ஒண்ணு ரெண்டு தவறத்தான் செய்யும்.”

“தப்புன்னு ஒத்துக்கிட்டேல்ல? திருத்திக் கீழ கையெழுத்துப் போடு. அவருட்டக் காட்டணும்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று.

“அய்யய்யோ, இத எப்படிண்ணே விட்டேன்?”

அண்ணனுக்கு மூச்சு வந்தது.

சிவப்புப் பேனாவைத் திறந்து, ‘புராதன’வுக்கும் ‘கட்டட’த்துக்கும் நடுவில் ஒரு ‘க்’ போட்டு, கீழே கையெழுத்திட்டு, காலண்டரை அவரிடம் நீட்டினாள்.