கோல்கீப்பரின் வேட்டி

நான் ஒரு மடையன். என் மனைவி இதை முப்பது வருடமாகச் சொல்லிவருகிறாள். நான் எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.

மெல்பேர்னில், யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மதிய விருந்து வைத்து, மலரும் வெளியிடும். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் நழுவிவிட, இந்த முறை மலர் என் தலையில் விழுந்தது. நூறு வருடத்துக்கு முந்திய எங்கள் உதைபந்தாட்ட அணியைப் பற்றி எழுதுவோம் என்று முடிவெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் பந்தை உதைத்ததைவிடப் பந்து என்னை உதைத்ததுதான் அதிகம் என்பது வேறு கதை.

மெல்பேர்னின் நோபல் பார்க் பகுதியில், தொண்ணூறை எட்டிய ஒரு அங்கிளிடம் அந்த அணியின் படம் இருந்தது. அவருடைய தகப்பன்தான் கோல்கீப்பர். கோட்டு, வேட்டி, வெறுங்கால், மடியில் பந்து. படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் துவாயில் சுற்றித் தந்தார். ஸ்கான் பண்ணி மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். அந்த மட்டில் நான் நல்ல பிள்ளை.

பழைய கல்லூரிச் சஞ்சிகையின் பக்கங்களை யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் படமெடுத்து அனுப்பியிருந்தான். அந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு வெற்றிமேல் வெற்றி. கடைசி ஆட்டத்தில் மட்டும் ஒரு கோலால் தோல்வி. 'இத்தோல்விக்குக் காரணம்' என்று ஒரு வசனம் தொடங்கியது. மிச்சத்தைக் கறையான் தின்றுவிட்டது.

கறையான் விட்ட இடத்தில் நான் தொடங்கினேன். பந்து வந்த நேரம் பார்த்துக் கோல்கீப்பரின் வேட்டி அவிழ்ந்ததென்றும், அவர் இரண்டு கையாலும் மானத்தைப் பிடிக்க, பந்து தன்பாட்டில் உள்ளே போனதென்றும் எழுதினேன். விருந்தன்று டண்டினொங் மண்டபத்தில் அதை நானே வாசித்தேன். சனம் சோற்றுக் கோப்பையோடு குலுங்கிச் சிரித்தது. முன்மேசையில் அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"தம்பி, உது சஞ்சிகையில கிடந்ததே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் அங்கிள், அப்பிடியே கிடந்தது."

"அப்பா அந்த மட்ச் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கேல்லை. எத்தினை தரம் கேட்டிருப்பன். இப்பதான் விளங்குது."

காரில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "உங்கட வாய்க்குத்தான் ஒரு கோல்கீப்பர் வேணும்" என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

என்னுடைய நாளை வர எட்டு நாள் பிடித்தது. கையில் ஒரு பெட்டி கேக்கோடு அங்கிள் வீட்டுக்குப் போனேன். கேக் இருந்தால் குற்றம் குறையும் என்று ஒரு எண்ணம். உள்ளே சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் கதிரைக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி சாத்தியிருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பகிடிகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"அங்கிள், அந்த வேட்டிக் கதை பொய். நான் கட்டிவிட்டது. சஞ்சிகையில அந்த இடத்தைக் கறையான் திண்டிட்டுது. எல்லாருக்கும் எழுதி அனுப்புறன், நான் சொன்னது பொய்யெண்டு."

அவர் கேக் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"படத்தை ஆணியில கொழுவிப்போட்டுப் போம்."