கொக்கி மாட்டிய கார்

என் காரின் டாஷ்போர்டுக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது. கார் வாங்கிய அன்று கூடவே கொடுத்தது. அதில் ஒரே ஒரு பக்கத்தின் மூலை மட்டும் மடிந்திருக்கும். மடித்தவன் என் மச்சினன், என் மனைவியின் தம்பி. மூன்று வருடமாக அந்த மடிப்பை நான் நீவிவிடவில்லை. புத்தகம் முழுக்க ஆங்கிலம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. சேலையூரில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விசேஷம் எதுவானாலும் ஜெனரேட்டருக்கு முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஓட்டை ஜெனரேட்டர் ஒன்றை மீன்பாடி வண்டியில் வைத்துத் தெருத்தெருவாக மிதித்தவன் நான். இன்றைக்குப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகளும் பட்டம் வாங்கியவள்தான். அவளுடைய தாய்மாமனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன் என்று தெரிந்ததும் நல்ல பேனாவாக எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு பையும் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டும்தான் இருந்தன. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள், அக்காவை விட்டால் ஆளில்லை. நான் ஜீப்பைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். பதினெட்டு வருடம் ஓட்டினான். ஜெனரேட்டரை இரண்டு சக்கரம் வைத்த இரும்புச் சட்டத்தில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுப்பதுதான் எங்கள் தொழில். ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு அது. பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரியும். மேட்டில் நின்றால்தான் அதன் குணம் தெரியும், முன்னால் இருக்கிற வண்டியையும் சேர்த்துப் பின்னுக்கு இழுக்கும். அதற்காக எப்போதும் ஒரு ஆள் கட்டையோடு கூட வருவான். மேட்டில் நின்றதும் குதித்து இறங்கி, சட்டத்தின் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகிவிட்டு, "கட்டை போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் காதில் விழுகிறவரை ஓட்டுகிறவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் மச்சினன்தான். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு சுவரில்கூட உரசியதில்லை. கேம்ப் ரோடு பக்கம் யாரைக் கேட்டாலும், "அவர் ஓட்டினா சட்டத்து மேல வெச்ச டீ சிந்தாது" என்பார்கள். அவனுக்கென்று சொந்தமாக இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

அந்தப் பேர் எனக்குப் பிடிக்கவில்லை. சொத்து என்னுடையது, வண்டி என்னுடையது, பேர் அவனுக்கா. வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவனைத் தண்டச்சோறு என்று கூப்பிடுவேன். அவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றுவான். சாப்பிட உட்காரும்போது நான் எழுந்த பிறகுதான் அவன் உட்காருவான். நான் சொல்லி வந்த பழக்கம் இல்லை அது. நான் ஒரு நாளும் "உட்காரு" என்று சொல்லாததால் வந்த பழக்கம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் இடது முழங்கால் போய்விட்டது. கிளட்சை மிதித்தால் உயிர் போகும். நானே ஓட்டக் கிளட்ச் இல்லாத கார் வாங்கிவிடுவது, அதிலேயே ஜெனரேட்டரையும் இழுப்பது, கிழட்டு ஜீப்பைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தேன். விசேஷ வீட்டு வாசலில் புது கார் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டேன். ஷோரூமுக்கு மச்சினனையும் கூட்டிப் போனேன். தண்ணீர் பாட்டில் தூக்க ஒரு ஆள் வேண்டுமே.

விற்பனைக்கார இளைஞன் நன்றாகப் பேசினான். "இது சிவிடி சார். கியர் மாறுறதே தெரியாது, ஒரு ஜெர்க் இருக்காது, வெண்ணெய் மாதிரி போகும்." மச்சினன் பின்னால் நின்று அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகக் கேட்டான், "சார், இது பின்னாடி எவ்ளோ வெயிட்டு இழுக்கும்?" அந்த இளைஞன் என்னைப் பார்த்தான். மச்சினன் என் பக்கம் குனிந்தான். "மாமா, இதுல பல்லு வெச்ச கியரே கெடையாது. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு பெல்ட்டு. ஆளுங்கள ஏத்திக்கினு போறதுக்கு சோக்கா கீது. நம்ம ஜெனரேட்டர மாட்டிக்கினு டிராபிக்ல ஊர்ந்தா ஆயில் சூடாயிடும், மாவு மில்லுல பெல்ட்டு வழுக்குற மாதிரி வழுக்கும். இழுக்கக் கூடாதுன்னு புக்குலயே போட்டுக்குது. கியர் வண்டியா பாக்கலாம் மாமா, நான் ஓட்றேன், நீங்க பக்கத்துல குந்துங்க."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. "ஏன்டா, பத்தாவது படிச்ச திமிரா? என் சோத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு, எனக்குப் படிச்சுக் காட்டுதா? நீ கார் வாங்கும்போது புக்கு பாத்து வாங்கு. இப்போ வெளியே போய் செருப்புகிட்ட நில்லு." அங்கே யாரும் செருப்பைக் கழற்றவில்லை. ஆனாலும் அவன் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே எனக்கு ஜூஸ் கொடுத்தார்கள். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கார் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அதே வாரம் ஜீப்பைப் பழைய இரும்புக்கு எடுப்பவன் கொண்டு போனான். மச்சினன் ஜீப்பின் கொக்கியை மட்டும் கேட்டு வாங்கி, துடைத்து வைத்தான். அந்தக் கொக்கியையே எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் தெரிந்த லேத்துக்குப் போனேன். லேத்துக்காரர் காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல வெல்டு அடிக்கிறது தப்பு. இன்னொரு தபா யோசிங்க" என்றார். யோசிக்கிறவனுக்கு ஊரில் பஞ்சமில்லை, நீ வெல்டு அடி என்றேன்.

முதல் வேலை பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண வீடு, காலை முகூர்த்தம். கட்டைக்காரன் வழக்கம்போல் கட்டையோடு வந்து நின்றான். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை, டீசல் கையோடு அவன் உட்காருவதா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். நானே ஓட்டினேன். மச்சினன் பக்கத்தில், மடியில் கட்டையோடு. மேடவாக்கம் வருவதற்குள் இரண்டு முறை சொன்னான், "மாமா, கொஞ்சம் ஓரங்கட்டி ஆற வுடலாம்." நான் ஏசியைக் கூட்டினேன்.

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் என்ஜின் கத்த ஆரம்பித்தது. சத்தம் ஏறுகிறதே தவிர வேகம் ஏறவில்லை. ஏதோ தீய்ந்த வாசனை, முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. கார் நின்றுவிட்டது. "பிரேக்குல வெச்ச கால எடுக்காதீங்க மாமா. நான் கட்டை வெச்சிட்டு சொல்றேன்" என்று இறங்கிப் பின்னால் ஓடினான். பின்னால் வரிசையாக ஹாரன். பைக்கில் ஒருவன் ஜன்னலுக்குள் குனிந்து, "இன்னா பெருசு, புது வண்டியா? எறங்கித் தள்ளு" என்று சிரித்துவிட்டுப் போனான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நாற்பது வருடம் இந்த ரோட்டில் தொழில் செய்தவனைப் பார்த்து. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கட்டை போட்டாச்சு என்ற குரல் அதுவரை வரவில்லை. வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கார் அலறியது. ஒரு அடிகூட முன்னால் போகாமல் பின்னால் உருண்டது. அப்புறம்தான் குரல் வந்தது. அது வேறு குரல்.

சட்டத்தின் சக்கரம் அவனுடைய இடது பாதத்தின் மேல் நின்றிருந்தது. ஹாரன் அடித்தவர்களே இறங்கி வந்து தூக்கினார்கள். நான் போனை எடுத்தேன். முதல் போன் ஆம்புலன்ஸுக்கு இல்லை. வேறு ஜெனரேட்டர் அனுப்பச் சொல்லி, கல்யாண வீட்டில் என் பேர் கெடாமல் இருக்க.

பாதி பாதம் போய்விட்டது. இனி அவன் கிளட்ச் மிதிக்க முடியாது. என் முழங்காலுக்கு வலி வந்த அதே இடது கால். ஒரு மாதம் கழித்து, கம்பு ஊன்றி நடந்தவனைச் சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப் போனேன். வாரண்டியில் கியர்பாக்ஸ் மாற்றித் தர வேண்டும் என்றால் கொக்கி எப்படி வந்தது என்று கேட்டார்கள். நான் அவனைக் காட்டினேன். எனக்குத் தெரியாமல் இவன்தான் மாட்டினான், இவன்தான் ஓட்டினான் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். மச்சினன் என்னை ஒரு முறை பார்த்தான். "ஆமா சார், நான்தான்" என்றான். அவனே ஆங்கிலத்தில் எழுதினான், அவனே கையெழுத்துப் போட்டான். அந்தக் கடிதமும் உதவவில்லை. யார் இழுத்தாலும் இழுத்தது இழுத்ததுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். மாமா ஓட்டி மாமாவே அடிபட்டார் என்றுதான் மூன்று வருடமாக அவளுக்குத் தெரியும். நானே ஓட்டினேன் என்றபோதே நிமிர்ந்து பார்த்தாள், ஆனாலும் இந்தக் கடிதம் வரை எழுதினாள். பேனாவை மூடி என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதியை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

ஊரெல்லாம் நான் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பழகிவிட்டது. கிளட்ச் இல்லாத கார் ஓட்டவாவது யாராவது அவனைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒருவர் என்னிடம் வந்து விசாரித்தார். புது காரை மேம்பாலத்தில் உருட்டிவிட்டவன் அவன்தான் என்றேன். அவர் போய்விட்டார். மச்சினன் எங்கள் வீட்டை விட்டுப் போனான். என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் தம்பிக்குச் சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். கார் வாசலில்தான் நிற்கிறது. இரண்டாவது கியர்பாக்ஸ் போட்டு நன்றாக ஓடுகிறது. ஒரு நாளும் அவள் காரைக் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு விசேஷ வேலை பேச ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனேன். கேட்டில் நீலச் சட்டையோடு செக்யூரிட்டி நொண்டிக்கொண்டே வந்தான். மச்சினன். கண்ணாடியை இறக்கினேன்.

"எந்த வீடு சார்?" என்றான்.

 வீட்டு நம்பரைச் சொன்னேன். நோட்டை ஜன்னல் வழியாக நீட்டினான். பெயர், வண்டி நம்பர், யாரைப் பார்க்க என்று கட்டம் கட்டமாக, எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவன் நோட்டைத் திரும்ப வாங்கினான்.

"நானே எழுதிக்கிறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

என் பெயரை எழுதினான். வண்டி நம்பரை எட்டிப் பார்க்காமலே எழுதினான். நான் கையெழுத்துப் போட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"எடுங்க சார், பின்னாடி வண்டி நிக்குது."

உள்ளே போய் நிறுத்திவிட்டு டாஷ்போர்டைத் திறந்தேன். அந்த மடித்த பக்கத்தில் ஆங்கில வரிகளுக்கு ஓரமாகப் பென்சிலில் தமிழ் எழுத்து இருக்கிறது. குழந்தைக்கு எழுதுகிற மாதிரிப் பெரிது பெரிதாக, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், நான் படிக்கிற மாதிரி எழுதியிருப்பான். "மாமா வேணாம். இது இழுக்காது."

விபத்துக்கு அப்புறம் பார்த்தேன் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது. கொக்கி போட லேத்துக்குக் கிளம்பிய அன்று காலையிலேயே காரில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி அதைப் படித்தேன். முழுதாகப் படித்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினேன்.